தரை துடைக்கிறவன்

ஹோலிஸ் எப்போதும் இடப்பக்கம்தான் விழுவான்,
வளையத்துக்கு நாலடி தள்ளி.
ஒன்பது வருசம் துணியோடு
அங்கேதான் குந்தியிருந்தேன்.

ஆனியில் அவனை விற்றார்கள்.
குயின்சியை முழங்கால் வீட்டுக்குக் கூட்டிப்போனது.
ஹாமில்டன் சனம் சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தது;
எஃகு ஆலைப் புகை மட்டும்
வழமைபோல வந்து போகுது.

இந்தப் பெடியள் எங்கே விழுவாங்கள் என்று
அவங்களுக்கே தெரியாது.
நடுக்கோட்டில், புள்ளி எழுதும் மேசைக்கு அடியில்,
ஒருநாள் என் மடியில்.
பத்தொன்பது வயது இப்ரா
பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டான்.
முப்பத்தெட்டாவது தோல்வி அது.

மேல்வரிசைக் கதிரைகளுக்குக்
கறுப்புத் துணி போர்த்தியாயிற்று.
பயிற்சியாளர் கத்துவது
பொப்கோர்ன்காரி வரை கேட்கிறது.
டிவியில் மனேஜர் சொல்கிறார்:
கட்டியெழுப்புகிறோம்.

நேற்று இருபத்தாறு புள்ளியால் தோற்று,
விளக்குகளில் பாதி அணைந்த பிறகும்
இப்ரா எறிந்துகொண்டிருந்தான்.
இரும்பு. இரும்பு. இரும்பு.
வலை.
திரும்பவும் இரும்பு.

கடைசி பஸ் பதினொன்று பத்துக்கு.
போயிருக்கலாம்.

இடப்பக்கம் காய்ந்தே கிடந்தது.
ஈரம் வலது மூலையில்,
இத்தனை வருசத்தில்
ஒருத்தரும் நின்று பாராத இடத்தில்.

துணியை எடுத்துக்கொண்டு
அங்கே போய்க் குந்தினேன்.