பேசக்கூடாத பதினேழு சென்ட்

முன்னாள் மாணவர் பட்டியலில் நான் பெயர் கொடுத்தது
ஒரு மழை நாளில், குழித்துறை கோர்ட்டு வராந்தாவில்,
நீதிபதி லீவு என்று தெரிந்த பிறகு.
கையில் போன் இருந்தது. வேறு வேலை இல்லை.
முதலாண்டுப் பிள்ளை ஒருத்திக்கு
மாதம் ஒருமணி நேரம்.
அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள்.

எனக்கு ஆறு வருஷ அனுபவம்.
அதில் நான்கு, சீனியரின் கட்டைச் சுமந்துகொண்டு
வாய்தா கேட்டு நின்றது.
இதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டுமா என்று
யோசிக்காமல் இல்லை.

வந்தாள் சுனிஜா.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
ஏத்தம்பழ பஜ்ஜி பொரியும் கடையில்
புது வெள்ளைச் சுடிதாரில் எண்ணெய் படாமல்
ஓரமாக உட்கார்ந்து
முதலில் கேட்டது:
"எக்கா, இந்தக் கோட்டு வேர்க்காதா?"
வேர்க்கும். கைக்குட்டை ரெண்டு வைத்துக்கொள்.
ஒன்று உனக்கு, ஒன்று அழுகிற கட்சிக்காரருக்கு.
சிரித்தாள்.
எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஒப்பந்தச் சட்டம் மண்டையில் ஏறவில்லை என்றாள்.
எனக்கும் அந்த வருஷம் ஏறவில்லை.
தீர்ப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசி என்றேன்,
விலையைக் கேட்டுவிட்டுப் பிறகு
மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.
நோட்டில் எழுதினாள். செவுள் என்றுகூட எழுதினாள்.

ஊர் எது என்று அப்புறம்தான் கேட்டேன்.
பாலூர் தாண்டி, ரப்பர் விளை முடிகிற இடம்.
அப்பா?
"தங்கையன். பால்வெட்டு.
ஒரு வழக்கு ஓடுது எக்கா, நான் மூணாங்கிளாஸ்ல இருந்தப்ப தொடங்கினது.
பெரியப்பா போட்ட கேஸ்.
அவுங்க பக்கம் ஒரு பொம்பள வக்கீலு…"

டீ தம்ளரைக் கீழே வைத்தேன்.

தங்கையன். இரண்டாம் பிரதிவாதி.
பதினேழு சென்ட்,
கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே ஓடை,
நடுவில் யாருக்கென்று தீராத ஓர் அயனிமரம்.
போன மாதம் அவரைக் கூண்டில் நிறுத்தி
முக்கால்மணி நேரம் கேட்டவள் நான்.
உமக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா, தெரியாதா என்று
மூன்று முறை, மாற்றி மாற்றி.
விரல் இடுக்கில் ரப்பர் பால் காய்ந்த கறுப்பு.
அதையும் என் குறிப்பில் எழுதியிருந்தேன்.

"போதும். அதைப் பற்றி என்னிடம் சொல்லாதே."
"ஏன் எக்கா?"
"அந்தப் பொம்பள வக்கீல் நான்தான்."

மேலே பாலத்தில் திருவனந்தபுரம் பஸ் போனது.
பஜ்ஜி ஆறியது.
அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கோட்டைப் பார்த்தாள்,
நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்ததை.
"அப்பா அன்னைக்குச் சோறு தின்னல்ல."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இருப்பதைச் சொன்னேன்:
இன்றைக்கே கல்லூரிக்கு எழுதுகிறேன்,
வேறு ஆள் தருவார்கள்.
என்னைப் பார்த்ததை உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடு, மறைக்காதே.
நீ சொன்ன வரைக்கும் நான் கேட்டதை
நானும் அவரிடம் சொல்லுவேன்.

"இது எந்தப் பேப்பர்ல வரும்?"
கோபமா, சந்தேகமா, தெரியவில்லை.
கடைசி வருஷம் என்றேன். தொழில் ஒழுக்கம்.
தலையாட்டினாள்.
தன் பஜ்ஜிக்கும் டீக்கும் சில்லறையை எண்ணி
என் தம்ளருக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாய்தாவில்
மீதிக் குறுக்கு விசாரணை.
பின்பெஞ்சில் வெள்ளை உடுப்பில் அவள்,
மடியில் அதே நோட்டு.
கோட்டுக்குள் வேர்த்தது. அன்று பார்த்து
ஒரு கைக்குட்டைதான் கொண்டு வந்திருந்தேன்.

எந்தக் கேள்வியையும் விடவில்லை.
விட்டால் அது வாதிக்குச் செய்கிற துரோகம்.
அளவு கேட்டேன், ஓடை கேட்டேன், அயனிமரம் கேட்டேன்.
கையெழுத்தை மட்டும்
ஒரே ஒரு முறை கேட்டேன்.

பின்னால் நோட்டு புரளும் சத்தம்.
எதையோ எழுதினாள்.