முப்பது படி

அளப்பு நாளுக்கு நான்கு நாள் முன்னால்
அமாகினா செத்துப்போனாள்.
கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

நாணல் பாயில் சுருட்டி
வாய்க்கால் கரைக்குத் தூக்கிப் போனோம்,
நானும் நின்கூசுவும், நிலா இறங்கிய பிறகு.
மண்வெட்டி காவலரிடம்.
உடைந்த சட்டித் துண்டால்தான் தோண்டினோம்,
ஆழம் போதவில்லை.
நரிக்குப் பயந்து
தேய்ந்துபோன அரைகல் ஒன்றை உருட்டி வைத்தோம்.
இருபது வருஷம் அவள் கல்லின்மேல் கவிழ்ந்திருந்தாள்.
இப்போது கல் அவள்மேல்.

கிர்சு நகரத்து அரவைக் கூடத்தில் முப்பத்தாறு பெண்கள்.
முழங்கால் எல்லோருக்கும் ஒட்டகத்தைப்போல் காய்த்திருக்கும்.
இமையில் மாவு படிந்து
குமரி யார் கிழவி யார் என்று
மேற்பார்வைக்காரனுக்கே குழம்பும்.
தெய்வத்துக்கு மாவு, அரண்மனைக்கு மாவு,
தூர ஊர்த் தூதனோடு வரும் நாய்க்கும் மாவு.
எங்களுக்கு மாதம் முப்பது படி வாற்கோதுமை.
பிள்ளைக்குப் பத்து.
பிள்ளையைத் தாயின் பெயருக்குக் கீழேதான் எழுதுவார்கள்.
மேல்வரி போனால் கீழ்வரியும் போகும்.

ஷெஷ்கல்லாவுக்கு இன்னும் நடை வரவில்லை.
மாவுக் கூடையில் உட்கார்ந்து
விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

கணக்கன் லுகிரிசல் வந்தான்,
ஈரக் களிமண் பலகை இடது உள்ளங்கையில்.
'அமாகினா.'
மூலையில் முக்காட்டை இழுத்துவிட்டு
இருமியபடி, 'இருக்கிறேன்' என்றேன்.
ஏழு பெயர் கழித்து, 'நினேசெம்.'
அது நான்.
'இருக்கிறேன்.'
இருமலை மறந்துவிட்டேன்.

அவன் நிமிர்ந்தான்.
யாரும் கையை நிறுத்தவில்லை;
கூடம் முழுக்கக் கற்கள்
இன்னும் வேகமாக அரைத்தன,
தானியம் இல்லாத கற்கள்கூட.

நாணல் முனையைப் பல்லால் கடித்துச் சரிசெய்தபடி கேட்டான்:
'அமாகினாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது?'
'குறைந்திருக்கிறது' என்றேன்.
'அடுத்த அளப்புக்குள்
முழுக்கத் தீர்ந்துவிடும்' என்றான்.
களிமண்ணில் நாணலை அழுத்தினான்.

மறுநாள் அளந்தபோது
அவள் முப்பதில் ஐந்து படி குறைந்தது.
அந்த ஐந்து எங்கே போனது என்று
நான் கேட்கவில்லை. நின்கூசு வாய் திறந்தாள்,
அவள் காலை மிதித்தேன்.

பிள்ளையின் பத்து சரியாக இருந்தது.

சாக்கைக் கட்டி முதுகில் ஏற்றினேன்.
அன்றிரவு பாயில் தூக்கியபோது
அவள் இவ்வளவு கனக்கவில்லை.