முழுப்பேர்

கொழுந்து வாட்டிய மாடி இப்போது
அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடம்.
வாசல் சுவரில் வெள்ளை எழுத்தில் நான்:
சந்தனம் ஜெயகல்யாணி.
இனிஷலைக்கூட விரித்துவிட்டார்கள்.

உள்ளே ஒரே காணொளி.
தராசு முள் பதினாறைத் தொட்டு நடுங்குகிறது.
ஒரு கை பதின்மூன்று என்று எழுதுகிறது:
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு.
பதினோரு நிமிடம்.
பிறகு முதலிலிருந்து.

கொழும்பிலிருந்து வந்தவர்கள்
கைகட்டிப் பார்த்தார்கள்.
ஒருவர் "காலம்" என்றார்.
இன்னொருவர் ஆமோதித்தார்.

ஐந்தரைக்கு, மலையிறங்கிய காலோடு
பவளக்கொடி அக்கா வந்தார்.
அட்டைக்குத் தேய்த்த சவர்க்காரம்
கணுக்காலில் காய்ந்திருந்தது.
நேரே போய்
சுவருக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே நின்றார்.
முள் அவர் முதுகில் ஏறி, இறங்கியது.
யாரோ உஸ் என்றார்கள்.

"எத்தன தடவ புள்ள நிறுப்ப?
ஒருக்கா நிறுத்ததுக்கே
அரைப்பேருதான் போட்டான்."

நான் புரொஜெக்டரை நிறுத்தவில்லை.
அவரும் நகரவில்லை,
பதினோரு நிமிடம்.

போகையில் வாசலில் நின்று
என் பெயரை விரல்வைத்து எழுத்துக்கூட்டினார்.
"ஒனக்கு இன்னைக்கு முழுப்பேரு."

ஜெ-யிலிருந்து ணி வரைக்கும்
கொழுந்துக் கறை.
ஈரத்துணியோடு வந்த பையன்
என் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறான்.