நிரூபிக்கப்படவில்லை

அபர்டீனில் மார்ச் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
பல்கலைக்கழகக் கூடத்தில் மடக்குமேசைகள்,
இலவசப் பேனா, ஆறிய காபி.
மீன் ஆலையில் என் பக்கத்து மேடை இஷ்பெல் கெடஸ்,
நாற்பத்திநாலு வயது,
சோப்புக்கும் போகாத வாடையோடு
படிவத்தின் முன் நிற்கிறாள்.

சட்டம், நான்கு ஆண்டு.
குற்றவியல், மாலை வகுப்பும் உண்டு.
சட்டமும் கேலிக் மொழியும்;
அந்த மொழியில் அவளுக்குத் தெரிந்தது
ஒரே ஒரு வசவு.

பதினைந்து பேரில் ஒருத்தியாய்
ஒன்பது நாள் ஜூரி நாற்காலியில் இருந்தவள்.
பூட்டிய அறையில் பேசியதை
வெளியே சொல்லக் கூடாது. சொல்லவுமில்லை,
என்னிடம்கூட.
தீர்ப்பு மட்டும் ஊருக்கே தெரியும்.
குற்றவாளி இல்லை, குற்றமற்றவனும் இல்லை,
எங்கள் சட்டத்தில் அப்போது இருந்த மூன்றாவது:
நிரூபிக்கப்படவில்லை.

செத்துப்போன பையனின் அம்மா
பார்வையாளர் வரிசையில் எழுந்து கேட்டாள்:
"அப்படியென்றால்?"
நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார்.
வக்கீல்கள் கட்டுகளுக்கு நாடா சுற்றினார்கள்.
அன்று முதல் ஹேடாக்கை வகிரும்போதெல்லாம்
முள்ளோடு அதுவும் வருகிறது இவளுக்கு.

"எதில் சேர விருப்பம்?"
கழுத்து அட்டையைத் திருகியபடி ஒரு பையன்.
"அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று
இதில் எந்தப் படிப்பில் சொல்லித்தருவீர்கள்?"
நடந்ததெல்லாம் கேட்டுவிட்டுக்
கையேட்டைப் புரட்டுகிறான்.
பொருளடக்கம். மறுபடி பொருளடக்கம்.
"இரண்டாம் ஆண்டில் சாட்சியச் சட்டம் வரும்.
அதில் இருக்கலாம்... எனக்குத் தெரியவில்லை."

இத்தனை நாளில்
தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள்.
ஐந்து மணிக்கு ஷிப்ட்.
முதல் கட்டத்தில் கோடு போடுகிறாள்.
இலவசப் பேனா எழுதவில்லை.
அழுத்துகிறாள்,
அடுத்த தாளிலும் பதிகிற மாதிரி.