ஒன்பதாம் கேள்வி

புதன்கிழமை, மூன்றரை.
ஓசூர் ரோட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு
நாற்பத்தேழாம் எண்ணை அழைக்கிறேன்.
பெயர் என் கோப்பில் இல்லை.
பொம்மனஹள்ளியில் சட்டைக் காலர் தைப்பவர்.
டீ இடைவேளை பத்து நிமிடம்,
அதில் எனக்கு ஏழு.

எட்டுக் கேள்விகள் தூக்கம், பசி, அசதி என்று போய்விடும்.
ஒன்பதாவதைத் தமிழில் எழுத இரண்டு மாதம் ஆனது.
'சாகத் தோன்றியதா' என்றால்
எங்கள் வீட்டுச் சண்டையில் தினமும் கேட்பது
என்றார் கனகவல்லி.
'உயிரை மாய்த்துக்கொள்ள' என்றால் செய்தித்தாள்.
கடைசியில் நின்றது இது:
இல்லாமலே போயிட்டா தேவலைன்னு
ரெண்டு வாரத்துல எத்தனை நாள் தோணிச்சு?

"நாலு நாள்."
போன தடவை பத்து.
உதவி எண்ணை மறுபடி சொல்கிறேன்;
மனப்பாடம் என்கிறார்.

இவர் ஒப்பீட்டுக் குழு.
மற்ற குழுவுக்கு ஆறு அமர்வு, பயிற்சி ஏடு,
உடன் உட்கார்ந்து பேச ஒரு ஆள்.
இவருக்கு வழக்கமான மாத்திரைச் சீட்டும்
என் கேள்விகளும்.
பிறகு எப்படிக் குறைந்தது?
கேட்கக் கூடாது. கேட்டேன்.

"நீங்க கூப்பிடுற புதன்னா
செவ்வாக்கிழமை ராத்திரியே
ஃபோனுக்குச் சார்ஜ் போட்டு வச்சிருவேன்."

இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன்: சார்ஜ்.
மந்தாகினி மேடம் பார்த்தால்
ஒப்பீடு கெட்டது என்பார்,
பிறகு கண்ணாடியைக் கழற்றி
ரொம்ப நேரம் துடைப்பார்.

தையல் எந்திரங்கள் மறுபடி இரையத் தொடங்க
குரல் அறுந்தது.
"லைன்ல இருக்கீங்களா?"
பத்தாவதாக ஒரு கேள்வி, யாரும் சரிபார்க்காதது.

இரைச்சல்.
இன்னும் இரைச்சல்.
"இருக்கேன், சொல்லுங்க."