எழுநூற்றைம்பது

காலை ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி பஸ்
அப்பாசியா முக்கில் ஜெபக்கனியை இறக்கிவிடும்.
எட்டரைக்குள் அவள் உறங்கியாக வேண்டும்.
எட்டரைக்கு மேல் நான் சம்பாதித்தாக வேண்டும்.
அறை ஒன்றே ஒன்று.
நடுவில், தன்னைச் சுவர் என்று நம்பும் ஒரு திரைச்சீலை.

திரைக்கு இந்தப் பக்கம் நானே பூட்டிய கணினி.
மதர்போர்டு ஹவல்லியில் இரண்டாம் கை.
கிராபிக்ஸ் கார்டு, நாட்டைவிட்டுக் கிளம்பிய
லெபனான் பையன் ஒருவன் பாதி விலைக்குத் தந்தது.
பெட்டி மட்டும் புதிது, முகமெல்லாம் வலை.
காற்று உள்ளே வர விடுகிற வலை
சத்தத்தை வெளியே போகவும் விடும் என்று
கடைக்காரன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

யாரோ கட்டப்போகும் வீடுகளுக்கு
இங்கிருந்து வெயில் செய்து அனுப்புகிறேன்.
கோயம்புத்தூர்க் கம்பெனி. படத்துக்கு இவ்வளவு என்று கூலி.
மாலை நாலு மணி வெயில்
மஞ்சளாய், சாய்வாய், சோபாவின் மேல் விழ வேண்டும்.
அந்த இல்லாத வெயிலைக் காய்ச்ச
பெட்டி எண்பத்து மூன்றுக்கு ஏறுகிறது.
ஜன்னலுக்கு வெளியே
யாருக்கும் வேண்டாத வெயில் நாற்பத்தொன்பதில்.

மூன்று விசிறிகள். முன்னால் இரண்டு இழுக்க,
பின்னால் ஒன்று தள்ள.
வேகம் கூட்டினால் அவள் புரண்டு படுப்பாள்.
குறைத்தால் படம் பாதியில் செத்துவிடும்.
ஏசியைப் பதினெட்டில் வைத்தால் பெட்டிக்குச் சுகம்,
அவளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும்.
பழைய செருப்பை அறுத்து
அதிராமலிருக்க நாலு கால் வைத்தேன்.
மெத்தைப் பஞ்சால் போர்த்திப் பார்த்தேன்,
பதினோராம் நிமிடம் தானே அணைந்துகொண்டது.
தூசுக்காற்று அடித்த வாரம்
வலையைக் கழற்றித் தட்டினால்
ஒரு தேக்கரண்டி பாலைவனம்.

பிறகு ஒரு கோடு வரைந்தேன், புத்திசாலி என்ற நினைப்பில்:
எழுபதைத் தொட்டால் சீறு,
அறுபதுக்கு இறங்கினால் அடங்கு.
அது சொன்னபடியே கேட்டது.
ஒரு படத்துக்கு முப்பது தடவை
மூச்சிரைத்தது, மூச்சடக்கியது.

ஆகஸ்டில் ஒரு நாள், மணி பதினொன்றே கால்.
படம் முடிந்து மூன்று விசிறியும் ஓய்ந்தன.
இத்தனை மாதமாக நான் தேடிய அமைதி
அப்படியே வந்து அறையில் நின்றது.
அந்த நொடியில் அவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.
"எந்த பெட்டு?" என்றாள்.
கண் திறக்கவில்லை.
கை மட்டும் காற்றில் எதன் குழாயையோ தேடியது.

சாயங்காலம் கட்டன்சாயா குடித்துக்கொண்டே சொன்னாள்:
"சத்தத்துக்கு நான் முழிக்க மாட்டேன்.
பன்னெண்டு மெசினு ராத்திரி பூரா
ஓடிக்கிட்டுத்தான கெடக்கு.
ஒண்ணு மூச்சை மாத்துச்சுன்னா காது நிமிந்துரும்.
நின்னுட்டா, காலு தன்னால ஓடிரும்."

மார்ச்சில் வேலை போனபோது
ஒன்பது நாள் நான் வாய் திறக்கவில்லை.
ராத்திரி டூட்டி பார்க்கிறவளை ஏன் தொந்தரவு செய்வது என்று
மெல்ல நடந்தேன், மெல்லக் கதவு சாத்தினேன்.
அந்த ஒன்பது நாளும் அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை
டூட்டிக் கணக்கில் எழுதியிருந்தேன்.

அன்றிரவே கோட்டை அழித்தேன்.
மூன்று விசிறிக்கும் ஒரே வேகம், எழுநூற்றைம்பது சுற்று.
கார்டுக்குப் போகும் மின்சாரத்தில் கால்வாசி குறைத்தேன்.
எழுபத்தாறில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, அசைவதில்லை.
படத்துக்கு நாற்பது நிமிடம் கூடுதல்.
ஏன் தாமதம் என்று கம்பெனி கேட்டது.
கரண்ட் சார், என்றேன்.
பொய்யும் இல்லை.

இப்போது மணி ஒன்று.
கடைசி வெயிலை அனுப்பிவிட்டேன்,
செய்ய ஒன்றுமில்லை.
விசிறிகளை நிறுத்தவில்லை.
சூடில்லாத பெட்டிக்குள்
காற்று சும்மா போய் வருகிறது.
திரைக்கு அந்தப் பக்கம்
வாய் லேசாகத் திறந்து, ஒரு கால் போர்வைக்கு வெளியே.