மாதிரி இரண்டு இணைக்கவும்

அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையில்
மூன்றாம் கொட்டகை எங்களுடையது.
கம்பி உள்ளே போகும், ஆணி வெளியே விழும்.
இடையில் நான், கிரயக் கணக்கு எழுதுகிறவள்.

இரண்டரை அங்குல ஆணி, கிலோ ஒன்று:
கம்பி, கறண்ட், கூலி, கழிவு, வட்டி
எல்லாம் கூட்டி,
அமிர்தநாதர் முதலாளியின் பெருமூச்சைக் கூட்டாமல்
நானூற்றுப் பன்னிரண்டு ரூபா.
கஸ்தூரியார் வீதி இரும்புக்கடையில்
கடல் கடந்து வந்த ஆணி
கப்பற்கூலி, கடைக்காரன் லாபம் எல்லாம் போட்டு
முந்நூற்று அறுபது.
எங்கட கம்பி விலையே அதைவிடக் கூட.

"ஏமாத்து ஆணி, ரெண்டு அடியில வளையும்" என்றார் அவர்.
ஒரு பெட்டி வாங்கி வந்து
பின்பக்கப் பலகையில் அடித்துப் பார்த்தோம்.
குகமூர்த்தி அடித்தான், சுபாங்கினி அடித்தாள்,
கடைசியில் அவரே அடித்தார்.
பசுமரத்தில் இறங்கியதுபோல் இறங்கியது.
நல்ல ஆணி.
அதுதான் கரைச்சல்.

இத்தனை நாட்டுக்கும் ஒரே சந்தை என்கிறது உடன்படிக்கை.
வேலி இல்லை, தீர்வை இல்லை, மைதானம் மட்டம்.
மட்டம்தான்.
அங்கே ஆலைக்குக் கறண்ட் அரைவிலை,
துறைமுகம் வரை லொறிக்கூலி அரசாங்கத்தின் தலையில்.
இங்கேயும் இல்லாமலில்லை:
கொழும்புப் பக்கத்துக் கம்பெனிக்கு வட்டிச் சலுகை,
எங்களுக்கு, அமைச்சர் வந்த அன்று,
கண்ணாடிச் சட்டத்தோடு ஒரு சான்றிதழ்.
அதை மாட்ட ஆணி நாங்கள்தான் கொடுத்தோம்.

மனுப் போடச் சொன்னார். படிவம் வந்தது, பதினெட்டுப் பக்கம்.
"அயல்நாட்டு மானியத்தால் நேர்ந்த பாதிப்பை
ஆணித்தரமாக நிறுவுக."
யாரோ சிரிக்காமல் மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

பாதிப்புப் படிவம் எனக்குப் புதிதில்லை.
வீட்டுக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று,
அண்ணனுக்கு மூன்று பிரதியில் ஒன்று
நிரப்பின கை இது.
இதில்தான் முதன்முதலாய்ச் சதவீதம் கேட்கிறார்கள்.

இரவில் கணக்கை மூடியும் மூடாமல் நினைக்கிறேன்:
தூத்துக்குடியிலோ கோயம்புத்தூரிலோ
ஒரு கொட்டகையில் என்னைப்போல் ஒருத்தி.
அவளும் தமிழில்தான் கூட்டுவாள்,
"முப்பத்தொன்று, மீதி மூன்று" என்று முணுமுணுப்பாள்.
மானியம் கோரும் படிவத்தில்,
இது நின்றால் ஆலை நிற்கும் என்று எழுதுவாள்.
பொய்யாயிராது.
அவளுக்கு வடக்கே இன்னும் பெரிய ஆலை ஒன்று,
இன்னும் பெரிய மானியத்தோடு,
அவள் கழுத்தில் காலை வைத்திருக்கும்.

போன கிழமை இரண்டாவது மெஷினை நிறுத்தினோம்.
சத்தம் பாதியானதும்
தன் குரல் இவ்வளவு பெரிதாவென்று
சுபாங்கினி வெட்கப்பட்டாள்.

கடைசிப் பக்கம்: மாதிரி இரண்டு இணைக்கவும்.
உள்ளூர் ஒன்று, இறக்குமதி ஒன்று.
உறையில் போட்டேன், அடையாளம் இட மறந்தேன்.
திரும்ப உள்ளங்கையில் கொட்டினால்
எது எங்கட, எது அவையின்ர?
நகத்தால் கீறிப் பார்த்தேன்.
முப்பது வருசம் ஆணி செய்தவரைக் கேட்டேன்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சொல்லவில்லை.

தபாற்கந்தோரில் பெடியன் உறையைத் தடவினான்.
"என்ன அக்கா, ஆணியோ?
கிழிச்சுக்கொண்டு வெளியில வரும்.
தடிச்ச உறை வாங்குங்கோ, அம்பது ரூபா."